கடைசி நாலஞ்சு மாசம் மாடு என்ன தின்னுச்சுங்கறதுல பீஃபோட சத்து நிஜமாவே மாறுதா?

குழித்துறைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இப்ப அமரில்லோல இருக்கோம், டெக்ஸாஸோட வடக்கு மூலை, வந்து ஒன்றரை வருஷம் ஆகுது. இங்கேர்ந்து ஹெரிஃபோர்டு பக்கம் கார்ல போனா ஃபீட்லாட் ஃபீட்லாட்டா வரும், கண்ணாடிய இறக்கவே முடியாது அவ்ளோ வாடை, ஒரு புல்லு கிடையாது, வெறும் மண்ணுல ஆயிரக்கணக்குல மாடு நின்னு நீளமான சிமெண்டு தொட்டியில தலைய விட்டு தின்னுக்கிட்டு இருக்கும்.

எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமைன்னா எறச்சி தான், தேங்காக்கொத்து போட்டு வறுத்து வைப்போம், மாடு என்ன தின்னுச்சுன்னு ஒருநாளும் யாரும் கேட்டதில்ல. இங்க கடையில ரெண்டு பாக்கெட் பக்கத்துல பக்கத்துல இருக்கு, ஒண்ணு சாதா, இன்னொண்ணு பச்சை ஸ்டிக்கர் ஒட்டின கிராஸ்-ஃபெட், அதாவது புல்லு தின்ன மாடு, விலை கிட்டத்தட்ட டபுள். வீட்டுக்காரருக்கு போன மாசம் டெஸ்ட்ல எல்டிஎல், அதான் கெட்ட கொலஸ்ட்ரால், 148 வந்துடுச்சு, அதனால நான் ரெண்டு வாரமா இதையே தேடித் தேடி படிக்கிறேன், ஒருத்தர் ஒமேகா-3ங்கற நல்ல கொழுப்புல கிராஸ்-ஃபெட் மீனுக்கு சமம்னு சொல்றார் இன்னொருத்தர் எல்லாம் ஏமாத்து வேலைங்கறார்.

இன்னொண்ணு. பக்கத்து ராஞ்ச்ல ஒரு பெரியவர்கிட்ட நேரா கொஞ்சம் கறி வாங்கினேன், முழுக்க புல்லு மேய்ஞ்ச மாடுன்னார். வீட்டுக்கு வந்து பேப்பர பிரிச்சா கொழுப்பு நல்லா மஞ்சளா இருந்துச்சு, நம்ம பழைய வெண்ணெய் மாதிரி. கெட்டுப்போச்சு போலன்னு பயந்து கொழுப்பு பூரா வெட்டி குப்பையில போட்டுட்டேன். அது சரியா? தீவனம் மாறினா கறிக்குள்ள என்ன தான் மாறுது, யாராவது விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

தீவனத்தொட்டி எழுதியது:

சிஸ்டர், அந்த மஞ்சக் கொழுப்ப தூக்கிப் போட்டது தான் மனசுக்கு கஷ்டமா இருக்கு. அது கெட்டுப்போனது இல்ல, அந்தப் பெரியவர் உண்மைய சொல்லியிருக்கார்ங்கறதுக்கு நல்ல அறிகுறி. நான் நாமக்கல்ல கால்நடை மருத்துவம் படிச்சவன், இப்ப கான்சாஸ்ல ஃபீட்லாட்டுகளுக்கு தீவன கணக்கு போட்டுக் குடுக்கற வேலை, 11 வருஷமாச்சு.

பச்சைப்புல்லுல பீட்டா கரோட்டீன் நிறைய இருக்கு, கேரட்டுல இருக்கற அதே நிறமி. பசு மாடு அதுல ஒரு பங்க வைட்டமின் ஏ ஆக்கிட்டு மீதிய அப்படியே கொழுப்புல சேத்து வச்சிக்கும். எருமை அப்படி விடாது, கிட்டத்தட்ட முழுசையும் மாத்திடும், அதனால தான் நம்மூர்ல பசு நெய் மஞ்சளாவும் எருமை நெய் வெள்ளையாவும் இருக்கு. ஊர்ல எருமைக்கறி சாப்பிட்டு பழகியிருந்தா மஞ்சக் கொழுப்ப பாத்து பயந்தது நியாயம் தான். மக்காச்சோளத்துல கரோட்டீன் கம்மி, அதுவும் நாலஞ்சு மாசம் அத தின்னு மாடு புதுசா போடற கொழுப்பு வெள்ளையா இருக்கும். ஜப்பான்ல வாக்யூ இன மாடு வளக்கறவங்க சதைக்குள்ள கொழுப்பு ஊடுருவணும்னே நடுவுல சில மாசம் வைட்டமின் ஏவ வேணும்னே குறைப்பாங்க, அளவு தவறினா மாட்டுக்கு கண்ணு போயிடும்.

இப்ப ஃபினிஷிங்னா, அதாவது அறுக்கறதுக்கு முன்னாடி கடைசியா கொழுக்க வைக்கறதுன்னா, என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் ஃபீட்லாட் மாடு பிறந்ததுலேர்ந்து சோளம் திங்குதுன்னு நினைக்கறாங்க. இல்ல. பெரும்பாலான கன்னுக்குட்டிங்க தாய்ப்பாலும் புல்லும் தின்னு தான் வளருது, ஏறக்குறைய 350 கிலோ ஆனதும் ஃபீட்லாட்டுக்கு வரும், அங்க நாலு மாசத்துலேர்ந்து ஆறு மாசம், வெளிய போகும்போது 600 கிலோவுக்கு மேல. தினம் ஒன்றரை கிலோவுக்கு மேல எடை ஏறும். தொட்டியில போறது ஆவியில வேக வச்சு தட்டையாக்கின மக்காச்சோளம், எத்தனால் ஆலையில மிஞ்சற சோளச் சக்கை, கொஞ்சம் புரதம், தாது உப்பு, நார்த்தீவனம் கடைசியில நூத்துக்கு பத்து பங்கு அளவுக்கு வந்துடும்.

இத ஒரே நாள்ல மாத்த முடியாது. ஊர்ல மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு பாத்தவங்களுக்கு தெரியும், பாசமா வாளி நிறைய பொங்கல வச்சிருப்பாங்க, மாடு தின்னுட்டு அசை போடாம பல்ல நறநறன்னு கடிச்சிக்கிட்டு படுத்துடும், நாங்க சோடா உப்ப கரைச்சு ஊத்திக்கிட்டு விடிய விடிய உக்காந்திருப்போம். மாவுச்சத்து திடீர்னு போனா ரூமன்ல, அதாவது முதல் வயித்துல, லாக்டிக் அமிலம் பெருகி அங்க இருக்கற கிருமிங்க சாகும். அதே ஆபத்து தான் இங்கயும், அதனால மூணு வாரம் படிப்படியா தானியத்த ஏத்துவோம். அப்படி ஏத்தியும் சில மாட்டுக்கு ஈரல்ல சீழ்க்கட்டி வரும், நான் அறுக்கற இடத்துல பாத்திருக்கேன், அந்த ஈரல் மனுஷன் சாப்பிட ஆகாதுன்னு ஒதுக்கிடுவாங்க.

ஏன் இவ்ளோ நீட்டறேன்னா, கறியோட கெமிஸ்ட்ரி மாறறது அந்த ரூமன்ல தான். மாடு என்ன தின்னுச்சோ அது அப்படியே கறியில வராது, நடுவுல கோடிக்கணக்கான கிருமி உக்காந்திருக்கு.

ஆய்வகத்து_ஆளு எழுதியது:

டாக்டர் விட்ட இடத்துலேர்ந்து நான் தொடர்றேன். நான் டெக்ஸாஸ்ல லபக் பக்கம் ஒரு கறி லேப்ல வேலை பாக்கறேன், கறியிலேர்ந்து கொழுப்ப பிரிச்சு மெத்தில் எஸ்டராக்கி, கொழுப்ப வகை வகையா பிரிச்சு காட்டற கேஸ் குரோமட்டோகிராஃப் மெஷின்ல விடறது தான் முழு நாள் வேலை. அந்த மெஷினுக்குள்ள 100 மீட்டர் நீளத்துக்கு தலைமுடி மாதிரி மெல்லிசான கண்ணாடிக்குழாய் சுருட்டி வச்சிருக்கும், ஒரு சாம்பிள் ஓடி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். புல்லு மாட்டு சாம்பிளும் சோள மாட்டு சாம்பிளும் அடுத்தடுத்து ஓட்டினா ஸ்கிரீன்ல பாத்தே சொல்லிடலாம் எது எதுன்னு, கோட்டுல லினோலெனிக்னு முள்ளு மாதிரி ஒரு உச்சி இருக்கும், புல்லு மாட்டுல அது நிமிந்து நிக்கும், சோள மாட்டுல தேடணும்.

பச்சைப்புல்லுல கொழுப்பே கம்மி, காஞ்ச எடையில நூத்துக்கு ரெண்டு மூணு பங்கு தான், ஆனா அதுல பாதிக்கு மேல ஒமேகா-3 வகை லினோலெனிக் அமிலம். மக்காச்சோள எண்ணெய்ல பாதிக்கு மேல ஒமேகா-6 வகை லினோலெயிக் அமிலம். ரெண்டும் ரூமனுக்குள்ள போனதும் கிருமிங்களுக்கு அது விஷம் மாதிரி, அதனால ஹைட்ரஜன ஏத்தி ஏத்தி கெட்டிக் கொழுப்பா, ஸ்டியரிக் அமிலமா, மாத்திடும். லினோலெனிக்ல நூத்துக்கு 85லிருந்து 95 வரைக்கும் அங்கயே போயிடும். தப்பிச்சு வர்ற மிச்சம் தான் கறியில சேருது. கோழிக்கோ பன்னிக்கோ ஆளி விதை போட்டா கொழுப்பு சுலபமா மாறும், மாட்டுல மாத்தறது அவ்ளோ கஷ்டம்ங்கறது இதனால தான்.

இந்த மாத்தற வேலை பாதியில நிக்கும்போது வாக்சினிக் அமிலம்னு ஒண்ணு வரும், அது மாட்டோட உடம்புக்குள்ள போய் சிஎல்ஏவா, அதாவது கான்ஜுகேட்டட் லினோலெயிக் அமிலமா, மாறும். விஸ்கான்சின் யூனிவர்சிட்டில மைக்கேல் பரீசா குழு வறுத்த ஹாம்பர்கர்ல புத்துநோய் உண்டாக்கற பொருள தேடப் போய், அதுக்கு நேர் எதிரா அத தடுக்கற ஒண்ணு அதே கறியில இருக்கறத கண்டாங்க, அது சிஎல்ஏ தான்னு 1987ல வெளியிட்டாங்க. புல்லு மாட்டுல அது பெரும்பாலும் ரெண்டு மூணு மடங்கு இருக்கும். தானியம் அதிகமா போய் ரூமன் புளிச்சா கிருமிங்க வேற பாதையில போகும், ட்ரான்ஸ்-11க்கு, அதாவது அந்த வாக்சினிக்குக்கு, பதிலா ட்ரான்ஸ்-10ங்கற வேற கொழுப்பு வரும், அதுலேர்ந்து அந்த சிஎல்ஏ கிடைக்காது.

இப்ப நீங்க கேட்ட கேள்வி, மீனுக்கு சமமா. இல்லங்க, இல்லவே இல்ல. ஒமேகா-6க்கும் ஒமேகா-3க்கும் உள்ள விகிதம் தான் ஸ்டிக்கர்ல பெருசா போடுவாங்க, கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி சிக்கோகாரங்க 2010ல பல ஆய்வ சேத்துப் பாத்து புல்லு மாட்டுல சராசரி 1.53, தானிய மாட்டுல 7.65னு போட்டாங்க. கேக்க பெரிய வித்தியாசம், நிஜமும் கூட. ஆனா அது விகிதம், அளவு இல்ல. டின்ல வர்ற மத்தி மீன் 100 கிராம்ல இபிஏவும் டிஹெச்ஏவும், அதாவது மீன்ல இருக்கற நீளச் சங்கிலி ஒமேகா-3ங்க, சேந்து ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இருக்கு. புல்லு பீஃப்ல நீளச் சங்கிலி ஒமேகா-3 மொத்தமா சில பத்து மில்லிகிராம். ஒமேகா-3க்காக டபுள் காசு குடுக்கறீங்கன்னா அந்தக் காச மத்திக்கு குடுங்க, உங்க ஊர்க்காரங்களுக்கு சாளைய பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

எல்டிஎல்லுக்கு பாக்க வேண்டியது பாக்கெட் மேல இருக்கற 80/20, 93/7ங்கற நம்பர், முதல் நம்பர் நூத்துக்கு எவ்ளோ சதை, ரெண்டாவது எவ்ளோ கொழுப்பு. நாலு அவுன்ஸ் பச்சைக் கறியில 80/20னா 23 கிராம் கிட்ட கொழுப்பு, 93/7னா 8 கிராம். இந்த வித்தியாசத்துக்கு முன்னாடி தீவன வித்தியாசம் ஒண்ணுமே இல்ல. கிராஸ்-ஃபெட்னே போட்ட 80/20 வாங்கிட்டு உடம்புக்கு நல்லதுன்னு நினைக்கறவங்கள நான் தினம் பாக்கறேன்.

புரதம், இரும்பு, துத்தநாகம், பி12 இதெல்லாம் தீவனத்தால பெருசா மாறாது. சாதா பீஃப் வாங்கினாலும் அது முழுசா கிடைக்கும்.

தீவனத்தொட்டி எழுதியது:

தம்பி சொன்னது பெரும்பாலும் சரி, ஒரு விஷயத்த மட்டும் நான் வேற மாதிரி பாக்கறேன். கொழுப்பு அளவு மட்டும் இல்ல, எந்தக் கொழுப்புங்கறதும் இருக்கு, இதுல சோளத்துக்கு சாதகமான ஒண்ண யாரும் பேசறதில்ல. ரூமன்ல மாவுச்சத்து புளிச்சா ப்ரோப்பியோனேட்ங்கற அமிலம் அதிகமா வரும், ஈரல் அத குளுக்கோஸா மாத்தும், சதைக்குள்ள ஊடுருவற கொழுப்பு செல்லுக்கு குளுக்கோஸ் தான் பிடிச்ச சரக்கு. மார்பிளிங் அப்படி தான் வருது, ப்ரைம், சாய்ஸ், செலக்ட்னு கிரேடு போடறது இத வச்சு தான். நாள் ஆக ஆக அந்தக் கொழுப்புல ஒலெயிக் அமிலம் கூடும், அதாவது ஆலிவ் எண்ணெய்ல இருக்கறது. ஒலெயிக் கூடினா கொழுப்பு கம்மி சூட்டுலயே உருகும், நாக்குல ஒட்டாது. புல்லு மாட்டுக் கொழுப்புல ஸ்டியரிக் அதிகம், ஆறினதும் தட்டுல மெழுகு மாதிரி பிடிச்சிக்கும். ஸ்டியரிக்கும் எல்டிஎல்ல ஏத்தற கொழுப்பு இல்ல, அதனால அத குத்தம் சொல்லல, ரெண்டுலயும் நல்லது இருக்குன்னு தான் சொல்றேன். நான் சாப்பாடு போடற மாட்டுக்கறிய விஷம்னு எழுதறவங்கள பாத்தா வருத்தமா இருக்கு, அதே நேரம் எங்க தொழில்ல இருந்துக்கிட்டே புல்லு பீஃப்ல ஒரு வித்தியாசமும் இல்லன்னு சொல்றவங்க கிட்டயும் நான் சண்டை போட்டிருக்கேன்.

வைட்டமின் ஈ இன்னொண்ணு. பச்சைப்புல்லு மேய்ஞ்ச மாட்டுக் கறியில நிறைய இருக்கும், அதனால கறி செவப்பு சீக்கிரம் பழுப்பாகாது, கொழுப்பும் சிக்கு வாடை அடிக்காது. இத ஃபீட்லாட்லயும் கொண்டு வரலாம், தினம் 500 ஐயூ (வைட்டமின் அளக்கற அலகு) வைட்டமின் ஈ கடைசி நூறு நாளுக்கு மேல போட்டா கடையில கறி நிறம் கூடுதல் நாள் நிக்கும். எத்தனால் சக்கை அதிகமா போட்டா அதுல இருக்கற சோள எண்ணெயால கறி சீக்கிரம் நிறம் மாறுது, அதுக்கும் இது தான் மருந்து.

யாழ்_மெல்பேர்ண் எழுதியது:

நான் மெல்பேர்ண்ல இருக்கிறன். எங்கட வீட்டில ஊரில மாட்டிறைச்சி சமைக்கிறேல்ல, இஞ்ச வந்து பிள்ளையளோட பழகினது தான். உங்கட கதைய வாசிக்க எனக்கு புதினமா இருக்கு தங்கச்சி, ஏனெண்டா இஞ்ச தலைகீழ். விக்டோரியா, டாஸ்மேனியா பக்கம் புல்லு மாடு தான் வழமை, தானியம் குடுத்தது எண்டா அதுக்குத் தான் தனிய லேபல் போட்டு கூடின விலைக்கு ஸ்டேக் கடையில விக்கினம். ஏற்றுமதிக்கு கிரெயின்-ஃபெட் எண்டு குத்த வேணுமெண்டா பொதுவா குறைஞ்சது 100 நாள் தானியத் தீவனம் குடுத்திருக்க வேணும் எண்டு தரவிதி.

இந்த நாள் கணக்கு தான் முக்கியம் எண்டு எனக்கு விளங்கினது ஒரு ஆய்வ வாசிச்சு. பொன்னம்பலம், மேன், சின்க்ளேர் எண்டு மூண்டு பேர் 2006ல செய்தது, முழுக்க புல்லு, 80 நாள் தானியம், 150 தொடக்கம் 200 நாள் ஃபீட்லாட் எண்டு மூண்டு வகை இறைச்சிய ஒப்பிட்டவை. 100 கிராமில 30 மில்லிகிராமுக்கு மேல நீளச் சங்கிலி ஒமேகா-3 இருந்தா தான் அத ஒமேகா-3 இருக்கிற உணவு எண்டு சொல்லலாம் எண்டு அவை ஒரு கோடு வைச்சவை, அந்தக் கோட்டைத் தாண்டினது புல்லு மாடு மட்டும் தான். ட்ரான்ஸ் கொழுப்பும் தானிய மாட்டில கூட. மேல தம்பி சொன்ன மாதிரி மீனோட வைச்சுப் பாத்தா 30 சின்னன் தான். ஆனா மீனே தொடாத சனம் இஞ்ச எவ்வளவு பேர், கிழமைக்கு நாலு நாள் இறைச்சி சாப்பிடுகினம், அவைக்கு இந்தச் சின்னனும் சேரும்.

மணம் வித்தியாசம் எண்டதையும் சொல்ல வேணும். எங்கட மூத்தவன் ஒருக்கா அமெரிக்கா போட்டு வந்து, அங்கத்தைய இறைச்சி இனிப்பா வெண்ணெய் மாதிரி இருக்கு, எங்கட இறைச்சி காட்டு மணம் எண்டான். லினோலெனிக் சூட்டில உடைஞ்சு வாற மணம் அது, பழகினா அது தான் இறைச்சி மணம்.

குழித்துறைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, டாக்டர் அண்ணா, லேப் அண்ணா, மெல்பேர்ண் அக்கா. (அக்கா தானே? தப்பா இருந்தா மன்னிச்சிக்கோங்க.) படிச்சு முடிச்சதும் ஃப்ரீசர்ல மிச்சம் இருந்த ராஞ்ச் கறிய எடுத்து கடைக்கறியோட ஒரே நேரத்துல ரெண்டு வாணலியில வச்சேன், ரெண்டும் ஒரே அளவு, ஒரே மசாலா. கடைக்கறி தானாவே எண்ணெய் விட்டுச்சு, நான் ஊத்தின தேங்காண்ணெய் தேவையே இல்லாம போச்சு. ராஞ்ச் கறி எண்ணெயே விடல, இருபது நிமிஷத்துல கடிக்க முடியாம இறுகிடுச்சு, அப்புறம் தண்ணி தெளிச்சு மூடி போட்டு சின்னத் தீயில ஒன்றரை மணி நேரம் விட்டேன், அப்ப தான் எங்க அம்மா வைக்கற எறச்சி மாதிரி நார் நாரா பிரிஞ்சு வந்துச்சு. வாசனை அப்படியே ஊரு. வீட்டுக்காரர் எது எதுன்னு தெரியாம ராஞ்ச் கறிய தான் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.

ரெண்டு கேள்வி பாக்கி. ஒண்ணு, கடையில பச்சை ஸ்டிக்கர் போட்டதெல்லாம் நம்பலாமா, ஏன்னா இங்க ஒரு கறிக்கடையில கிராஸ்-ஃபெட்னு வாங்கினேன், கொழுப்பு பால் மாதிரி வெள்ளை, கேட்டா சரியா பதில் சொல்லல. ரெண்டு, ராஞ்ச் பெரியவர் குளிர்காலத்துல மாட்டுக்கு கேக் போடுவேன்னார். கேக்கா??

ஆய்வகத்து_ஆளு எழுதியது:

ஒரே அளவு ஒரே மசாலான்னு வச்சு பாத்தீங்க பாருங்க, அதுக்கே உங்கள எங்க லேப்ல சேத்துக்கலாம்.

ஸ்டிக்கர் விஷயம். அமெரிக்க விவசாயத் துறை வச்சிருந்த கிராஸ்-ஃபெட் தரவரையறைய 2016 ஜனவரில அவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க. லேபலுக்கு அனுமதி இன்னும் வேணும், கம்பெனி குடுக்கற காகிதத்த பாத்து குடுக்கறாங்க. அதனால கிராஸ்-ஃபெட்ங்கற வார்த்தைய விட 100 சதவீதம் கிராஸ்-ஃபெட், இல்லன்னா கிராஸ்-ஃபினிஷ்டுன்னு இருக்கான்னு பாருங்க, கிராஸ்-ஃபெட் கிரெயின்-ஃபினிஷ்டுன்னு சின்ன எழுத்துல இருந்தா அது நாம இவ்ளோ நேரம் பேசின சோள மாடு தான். கடையில கிடைக்கற புல்லு பீஃப்ல நிறைய ஆஸ்திரேலியா, உருகுவேலேர்ந்து வருது, தரம் குறைவுன்னு இல்ல, எங்கேர்ந்துன்னு தெரிஞ்சு வாங்குங்க. ஹார்மோன் போடாதது, ஆன்டிபயாட்டிக் இல்லாததுங்கறதெல்லாம் வேற வேற லேபல், புல்லுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. வெள்ளைக் கொழுப்ப மட்டும் வச்சு பொய்னு முடிவு பண்ணிடாதீங்க, குளிர்காலத்துல காஞ்ச வைக்கோல்புல்லு தின்னு அறுத்த மாட்டுக்கும் மஞ்சள் குறையும், காய வைக்கும்போதே கரோட்டீனும் வைட்டமின் ஈயும் நிறைய போயிடும். சந்தேகம்னா எந்த மாசம் அறுத்ததுன்னு கேளுங்க.

தீவனத்தொட்டி எழுதியது:

கேக்னா பயப்படாதீங்க சிஸ்டர், நம்ம பருத்திக்கொட்டை புண்ணாக்கு தான் அது. டெக்ஸாஸ்காரங்க பழைய பேர விடாம கேக்னு தான் சொல்லுவாங்க, இப்ப விரல் தடிமன்ல கட்டி கட்டியா அழுத்தி வரும், குளிர்கால காஞ்ச புல்லுல புரதம் பத்தாதுன்னு மாட்டுக்கு தினம் ஒண்ணு ரெண்டு கிலோ போடுவாங்க. அது ஃபினிஷிங் கிடையாது, கறிய பெருசா மாத்தாது. கறாரா லேபல் பாக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க, ஆனா எனக்கு ஓகே. அவர்கிட்ட கேக்க வேண்டியது, அறுக்கறதுக்கு முன்னாடி மூணு மாசம் மாடு எங்க நின்னுச்சுங்கறது. பச்சைக் கோதுமை வயல்ல மேய்ஞ்சுச்சுன்னு சொன்னார்னா உங்க பக்கத்துல அத விட நல்ல மேய்ச்சல் இல்ல, அடுத்த தடவ அந்தக் கொழுப்ப உருக்கி பாட்டில்ல வச்சுக்கோங்க.